அன்னம் பேசும் கைமொழி

புனைகதையில் விலங்கைப் பேசவைப்பவர் அதற்கு மனிதமொழியையே தருவதா, அதற்கென ஒரு மொழியைப் படைப்பதா என்ற சிக்கலுக்குக் கதகளி கண்ட விடை தனித்தன்மை வாய்ந்தது. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 1970இல் டி. அப்புக்குட்டன் நாயர் முன்னின்று நிறுவிய மார்கி போன்ற அமைப்புகள் பேணிவரும் இக்கலையில், பறவையும் குரங்கும் சொல்லை வாயால் உரைப்பதில்லை. பொன்னானி எனப்படும் முதன்மைப் பாடகர் பின்னின்று பாட, பொருள் வரையறுக்கப்பட்ட கையமைப்புகளான முத்திரைகளால் அவை பேசுகின்றன. அடிப்படை முத்திரைகள் 24 என ஹஸ்தலக்ஷண தீபிகா என்ற முத்திரை நூல் வகுக்கிறது. அவற்றை இணைத்து, கண்ணையும் புருவத்தையும் துணைக்கொண்டு முழு வாக்கியங்களையே அமைக்கலாம்.

இம்மொழியின் உச்சம் 18ஆம் நூற்றாண்டில் உண்ணாயி வாரியர் இயற்றிய நளசரிதம் என்ற கதகளி நாடகத்தின் முதல் நாள் கதையில் உள்ளது. அரசன் நளனிடம் சிக்கிய பொன்னிற அன்னம், தந்தை இறந்ததையும், தாய்க்குத் தான் ஒரே மகன் என்பதையும், துணை அண்மையில்தான் ஈன்றிருப்பதையும் சொல்லிப் புலம்புகிறது. அலகு பொருத்திய முகத்தில் உணர்ச்சி பெரும்பாலும் கண்களுக்கே ஒதுங்கிவிட, ஒரு கணம் படபடக்கும் சிறகாக இருந்த கைகள் மறுகணமே சொல்லடுக்கும் நாவாகின்றன. அஞ்சும் உடலும் கெஞ்சும் சொல்லும் இங்கே ஒரே உறுப்பில் கூடுகின்றன. எழுத்தில் படைக்கப்பட்ட எந்த விலங்குமொழிக்கும் இது எளிதில் வாய்க்காது.

ஆயினும் அரசனுக்கும் அன்னத்துக்கும் முத்திரை ஒன்றே என்பதால், பறவை உலகைக் காணும் விதம் மொழிக்குள் நுழைவதில்லை. ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் வெளியிட்ட 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலின் முயல்கள் நான்குவரை மட்டுமே எண்ணுகின்றன, அதற்கு மேற்பட்ட அனைத்தும் அவற்றுக்குப் 'பல'. சில சொற்களே படைக்கப்பட்டிருந்தாலும் அவற்றில் முயலின் மனம் தெரிகிறது. கதகளியிலோ, சிவப்புத்தாடி வேடமிட்ட வாலியும் சுக்ரீவனும் எழுப்பும் அலறலில் குரங்கு இருக்கிறதே தவிர, அவர்களது முத்திரையில் இல்லை. நளனின் காதல் தூதாகச் செல்லும் அன்னமும் இளவரசி தமயந்தியைத் தோழியரிடமிருந்து விலக்கி அழைத்துச்செல்லும் நடையில் பறவையாக இருந்து, தூதுரை தொடங்கியதும் நாவன்மை மிக்க அரசவைத் தூதனாகிவிடுகிறது. முத்திரை பயிலாத பார்வையாளருக்கு அவ்வுரையின் பெரும்பகுதி பாடலின் வழியாகவே எட்டுகிறது என்பது மற்றொரு குறை.

இக்குறைகளுக்காக இலக்கணத்தை மாற்ற வேண்டியதில்லை; புலம்பலில் கைகளுக்கு இருந்த சிறகைத் தூதுரையிலும் இழக்காமல் காப்பதே இன்றைய நடிகர்கள் மேற்கொள்ள வேண்டிய பயிற்சி.