கல்வராயன் மலைக்கு ஒரு பழைய வண்டி

கள்ளக்குறிச்சிச் சீமையில் ஒருவர் வாங்குகிற மோட்டார் சைக்கிள் இரு வேறு நிலங்களுக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டது. கரும்புச் சுமையோடு ஆலையை நோக்கி ஊர்ந்து செல்லும் டிராக்டர்களை ஒதுங்கித் தாண்டி, கச்சிராயப்பாளையம் வரை சமவெளியில் சுகமாக ஓடிய அதே வண்டிதான், கோமுகி அணையைக் கடந்ததும், வளைவின்மேல் வளைவாக எழும் பாதையில், பின்னால் ஓர் ஆளையும் டாங்கின்மேல் ஒரு மூட்டையையும் தாங்கிக்கொண்டு, கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறியாக வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் பரந்திருக்கும் இம்மலைநாட்டிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் கீழே வருவதும், உப்பும் உரமும் மருந்தும் மேலே போவதும் எத்தனையோ தடவை இத்தகைய சிறு வண்டிகளின் முதுகிலேதான். ஆகவே இங்கே பழைய வண்டியைத் தேர்ந்தெடுத்துச் செப்பனிடுவது வெறும் சிக்கனக் காரியமாக நின்றுவிடாமல், யந்திரத்தின் குணத்தையும் மலையின் குணத்தையும் ஒருங்கே அறிந்தவர்கள் பயிலும் கலையாகவே ஆகிவிடுகிறது. அந்தக் கலையின் முதல் சூத்திரம், என் அபிப்பிராயத்தில், இதுதான்: வண்டிக்குப் புதிதாக எதையும் கொடுப்பதற்கு முன்னால், காலம் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

புல்லட்டும் யெஸ்டியும் ராஜ்தூத்தும் ஆட்சி செலுத்திய நாட்களில் மோட்டார் சைக்கிள் என்பது கனத்தைக் கௌரவமாகக் கொண்ட ஒரு வாகனமாக இருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்து சாமானியக் குடும்பத்துக்கும் ஒரு யந்திரம் உண்டு என்று காட்டியது. 1984இல் இண்ட்-சுசுகியும், 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகிய இரண்டும் வந்து, நூறு சி.சி.க்குள் ஒரு புதிய யுகத்தையே நிர்மாணித்தன. அந்த சி.டி. 100இன் வழித்தோன்றலாக 1994இல் பிறந்த ஸ்பிளெண்டரோ, தமிழ்நாட்டில் அது நுழையாத சந்தும் அறியாத பட்டறையும் இல்லை என்னும்படி ஜனங்களின் வாழ்க்கையோடு கலந்துவிட்டது.

இவற்றுள் ஆர்.எக்ஸ். 100இன் அழகை மறுப்பவர் ரசிகரே அல்லர். ஏறத்தாழ நூறு கிலோ எடைக்குப் பதினொரு குதிரைத்திறன் என்னும் விகிதமும், குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டவுடன் உள்ளிருந்து பொங்கி எழுகிற அதன் உற்சாகமும் இன்றும் இணையற்றவை. ஆனால் 1996இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டி இன்று ஆராதனைப் பொருளாகிவிட்டபடியால் அதன் விலை எளியவர் கைக்கு எட்டுவதில்லை. மேலும், டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஏற்றத்தில் உள்ள வீரம் இறக்கத்தில் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மூடி நெடுந்தூரம் இறங்கும்போது அது வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் சொற்பம், பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகவேண்டிய எண்ணெயும் சொற்பம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வகையோ சுமைக்கு உத்தமமான ஊழியன். எனினும் கியர் மாற்றும் வசதி இல்லாததால், செங்குத்தான வளைவில் ஓட்டுகிறவர் தன் விருப்பப்படி பலத்தைப் பகுத்துக்கொள்ள அதில் இடமில்லை.

ஸ்பிளெண்டர் குடும்பத்து எஞ்சினின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் போர், 97.2 சி.சி. கொள்ளளவு, சுமார் ஏழரைக் குதிரைத்திறன். எண்களாகப் பார்த்தால் எளிமைதான். ஆனால் சிலிண்டர் ஏறக்குறையப் படுக்கையாக முன்னோக்கி நீட்டிக்கொண்டிருப்பதால் எதிர்க்காற்று நேரே ஹெட்டின்மேல் விழுகிறது. எஞ்சினின் கனம் பூமிக்கு அருகே தங்குகிறது. வளைவில் வண்டி சொன்னபடி சாய்கிறது. 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் என்னும் சிறு வண்டியிலிருந்து வழிவழியாக வந்த இந்தப் படுக்கைச் சிலிண்டர் அமைப்பு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் ஏழைப் பாதைகளிலெல்லாம் பரீட்சிக்கப்பட்டுத் தேறியது. அதில் தனியே மாற்றக்கூடிய எண்ணெய் ஃபில்டர்கூடக் கிடையாது. கிராங்கின் முனையில் சுழலும் ஒரு கிண்ணம், மையவிலக்கு விசையால் அழுக்கைத் தன் சுவரோரம் ஒதுக்கிவைத்துக்கொள்கிறது. வேண்டாததை நீக்கி, வேண்டியதை மட்டும் வைத்த அத்தகைய சிருஷ்டியில் ஓர் இலக்கணச் சுத்தம் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுக் கால் பார்த்து, அதன் பிறகே துண்டுக்குள் விரல் கொடுக்கிற பெரியவரின் பொறுமை இங்கேயும் தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் போவது உத்தமம். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி தன் ரோகத்தைச் சொல்லாது. சாவியைத் திருப்பாமல் கிக்கரை மெல்ல மிதிக்கும்போது பாதத்துக்குத் திடமான எதிர்ப்புத் தெரிந்தால் கம்ப்ரெஷன் உயிரோடிருக்கிறது. கிளம்பிய உடனே சிறிது நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, அது சிறு செலவு. ஓடும்போதும் நீலப்புகை ஓயாவிட்டால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. கறுப்புப் புகையானால் கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுதி. போர் ஏற்கெனவே எத்தனை முறை விரிக்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். கால் மில்லிமீட்டர் படிகளாக விரித்துக்கொண்டு போகிற அந்த வழிக்கு ஒரு முடிவு உண்டு.

எஞ்சினைவிட முக்கியமானது சேசிஸ். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், கோணிய எலும்புக்கூட்டை முழுமையாக நேராக்குவது அரிது. பின்னால் நின்று இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்து, ஹாண்டில்பாரின் கழுத்தருகே புதுப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு உண்டா என்று விரலால் தடவி, முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் அசைத்துக் கோன் செட்டின் ஆட்டத்தையும், பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து ஸ்விங் ஆர்ம் புஷ்ஷின் ஆட்டத்தையும் உணர்ந்தபின், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா, பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா, பதினைந்து வருஷத் தவணை முடிந்திருந்தால் புதுப்பித்தல் நடந்திருக்கிறதா என்பனவற்றையும் சரிபார்த்துத்தான் பணத்தை எடுக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெட்ரோலை அளந்து பாய்ச்சுவது எலெக்ட்ரானிக் சாதனம். அது உயரத்துக்கேற்பத் தன்னையே திருத்திக்கொள்ளும் என்றாலும், மலைமேல் வாழ்கிறவருக்கு, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு எந்த மெக்கானிக்கும் திறந்து சுத்தம் செய்யக்கூடிய பழைய கார்புரேட்டரின் ஆறுதல் பெரிது.

வாங்கிய பிறகு மேம்படுத்தும் வேலைக்கு ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதலில் நிற்கும் சக்தி, பிறகு பிடிமானம், பிறகு வெளிச்சம், கடைசியில் பலம். பிரேக் ஷூவை மாற்றி, டிரம்மின் உட்புறத்து வழவழப்பைத் தேய்த்து நீக்கி, பிரேக் பிடிக்கும்போது கேபிளும் நெம்புகோலும் செங்கோணத்தில் நிற்கும்படி அமைத்துவிட்டால், டிஸ்க் பிரேக்குக்கு ஏங்க வேண்டியதில்லை. பழைய 2.75 அளவு டயருக்குப் பதிலாகப் பின்சக்கரத்தில் 3.00 அளவு போடுவது பொருத்தமான அதிகபட்சம். அதற்கு மேல் பருத்த டயர் கண்ணுக்கு அலங்காரம், எஞ்சினுக்குப் பாரம். பழைய ஸ்பிளெண்டரின் ஹெட்லைட் காந்தச் சுருளின் மின்சாரத்தில் நேரே எரிவதால், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதெல்லாம் மங்கிப்போகும். மார்கழிப் பனிமூட்டத்தில் வளைவு திரும்பும் நேரத்தில்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பதால், பாட்டரி வழியாக மின்சாரம் வரும்படி வயரிங்கை மாற்றுவது உண்மையான முன்னேற்றம்.

பலத்தின் விஷயத்தில் மலையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் காற்றின் அடர்த்திக் குறைவால் எஞ்சின் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கிறது; 3,000 அடியில் அந்த ஏழரைக் குதிரைத்திறனில் முக்கால் குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவானது காணாமற் போகும். இதை ஈடுசெய்ய போரை விரிப்பதும் கார்புரேட்டரைப் பெரிதாக்குவதும் விவேகமல்ல. செயின் செட் மாற்றும்போது முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்தால் போதும். பதினான்கு பல்லுக்குப் பதில் பதிமூன்று என்றால் சக்கரத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 8 சதவீதம் கூடுகிறது. மலை எடுத்துக்கொண்டதை ஒரு சிறிய இரும்புச் சக்கரம் திருப்பித் தருகிறது. விலையாக நாம் கொடுப்பது சமவெளியில் சிறிது வேகமும் சிறிது பெட்ரோலும் மட்டுமே. இந்தப் பரிமாற்றத்தின் நேர்த்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது.

சைலன்சரின் வயிற்றைக் குடைந்து சத்தத்தை வளர்ப்பதும், சேசிஸை அறுத்து உருவத்தை மாற்றுவதும் மேம்பாடு ஆகா. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் ரசனை அதைத் தடுத்திருக்க வேண்டும். இலகு என்பதே இவ்வண்டியின் செல்வம். ஆடம்பரமாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்தில் நாம் தூக்கவேண்டிய கடனாகிவிடுகிறது.

ஆகையால், கையில் உள்ள தொகை முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடாமல், அதில் ஒரு பங்கைப் பிரேக்குக்கும் டயருக்கும் செயினுக்கும் என்று விலை பேசுகிற அன்றே ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனம். பளபளப்பான பெயிண்டுக்கு மயங்கிக் கோணிய சேசிஸை வாங்குகிறவரைவிட, நிறம் மங்கிய டாங்கும் நேரான எலும்பும் கொண்ட வண்டியை வாங்கித் தேய்ந்ததை மட்டும் மாற்றுகிறவர் குறைந்த செலவில் அதிக வண்டியைப் பெறுகிறார். எளியவர் வாங்கக்கூடிய பொருளிலும் உயர்ந்த ரசனைக்கு இடமுண்டு என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பாடசாலை எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் கைக்கு வந்த ஒரு நூறு சி.சி. வண்டி, அறிந்தவர் கையால் செப்பமுற்று, முழுச் சுமையோடு வெள்ளிமலைக்கு ஏறி, பிரேக் சூடேறாமல் இறங்கிவருமானால், அதை உருவாக்கியவர்களின் எண்ணம் அன்றுதான் பூரணமாக நிறைவேறுகிறது.