முதுமையும் மேடையும்: ‘ஷைன் எ லைற்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

இளைஞரின் எதிர்ப்புக் குரலாக வளர்ந்த ஒரு கலை, அதனைப் பாடியோர் முதுமை எய்தும்போது யாருடைய குரலாகிறது? மாட்டின் ஸ்கோர்சேசியின் நெறியாள்கையில் 2008இல் வெளியான ‘ஷைன் எ லைற்’ இவ்வினாவை எழுப்புகிறது. ஆயின் விடையின் ஒரு பாதியையே தருகிறது.

1962இல் இலண்டனில் தோன்றிய றோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் றொக் இசைக்குழு, தனது உலகச் சுற்றுப்பயணத்தினிடையே 2006 ஒக்ரோபர் 29ஆம், நவம்பர் 1ஆம் திகதிகளில் நியூயோர்க்கின் பீக்கன் அரங்கில் நிகழ்த்திய கச்சேரிகளே படத்தின் பொருள். அதே ஆண்டு பெப்ரவரியில் றியோ டி ஜனைரோ கடற்கரையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இக்குழு பாடியிருந்தது. அத்தகைய பெருங்கூட்டத்தை விடுத்து, ஏறத்தாழ 2,800 இருக்கைகளே கொண்ட மண்டபத்தை ஸ்கோர்சேசி விரும்பியமை நோக்கற்பாலது. பெருவெளியில் பாடகன் ஒரு புள்ளியாகிவிடுகிறான். சிறு மண்டபத்திலோ அவனது முகம் கமராவுக்கு எட்டுகிறது.

அம்முகங்களே படத்தின் வெற்றி. அப்போது மிக் ஜாகருக்கு வயது 63. ட்ரம் வாசித்த சார்ளி வற்ஸுக்கு 65. றொபேட் றிச்சட்சன் தலைமையிலான ஒளிப்பதிவாளர்கள் முகச் சுருக்கங்களை மறைக்க முயலவில்லை. ஒரு பாடல் முடிந்ததும் வற்ஸ் களைத்துப் பெருமூச்செறிவதையும் படம் காட்டுகிறது. பாடல்களுக்கிடையே பழைய பேட்டிகள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1972ஆம் ஆண்டுப் பேட்டியொன்றில், அறுபது வயதிலும் பாடுவீரா என்று வினவப்பட, ஜாகர் தயங்காது உடன்படுகிறார். அன்று விளையாட்டுப் பேச்சாகத் தோன்றிய அவ்விடை, பீக்கன் மேடையில் கடும் உழைப்பாக உருப்பெறுகிறது.

படத்தின் உச்சம், 70 வயதான கறுப்பினப் புளூஸ் பாடகர் பட்டி கை மேடையேறும் காட்சியாகும். இக்குழு தன் பெயரையே புளூஸ் கலைஞர் மடி வோட்டர்ஸின் பாடலொன்றிலிருந்து பெற்றது. அவரது இன்னொரு பாடலையே கையும் குழுவினரும் இணைந்து பாடுகின்றனர். பாடல் முடிந்ததும் கீத் றிச்சட்ஸ் தமது கிற்றாரை முதியவருக்கே கொடுத்துவிடுகிறார். நெடுநாட் கடனொன்று சொல்லின்றி ஒப்புக்கொள்ளப்படும் கணம் அது.

எனினும் சபையை நோக்கிப் படம் இந்த நேர்மையுடன் திரும்பவில்லை. ஒக்ரோபர் 29ஆம் திகதிக் கச்சேரி, முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்ரனின் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடத்தப்பட்டது. கிளின்ரன் குடும்பத்தினருடன் வந்து குழுவினரைச் சந்திப்பது இனிய வேடிக்கையாகவே கடந்து செல்கிறது. ஒருகாலத்தில் அதிகார வர்க்கத்தை முகஞ்சுளிக்கச் செய்த இசை, அவ்வர்க்கத்தின் விருந்தோம்பலுக்கு உரியதானது எவ்வாறு என்பதைப் படம் வினவவில்லை.

இக்குழுவைப் பற்றிய ‘கிம்மி ஷெல்ற்றர்’ (1970) இதற்கு மாறானது. 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் அல்ற்றமொன்ற் திடலில் நடந்த இலவசக் கச்சேரியில் இரசிகர் ஒருவர் கொல்லப்பட்டார். மெய்சில்ஸ் சகோதரரும் சார்லொற் சுவெரினும் அச்சபையைப் பதிவுசெய்ததுடன், ஜாகர் அப்பதிவைப் பார்ப்பதையும் படமாக்கினர். அவர்களுள் அல்பேட் மெய்சில்ஸ் ‘ஷைன் எ லைற்’ ஒளிப்பதிவாளருள்ளும் ஒருவர்; ஆயினும் அந்தப் பார்வை இங்கு தொடரவில்லை.

சார்ளி வற்ஸ் 2021இல் காலமானார். அவரது கைகளின் உழைப்பை அண்மையிலிருந்து காட்டும் ஆவணம் என்ற வகையில் படத்தின் பெறுமதி இன்று உயர்ந்துள்ளது. ஆனால் ஓர் இசையின் வரலாறு பாடுவோரின் உடலில் மட்டும் எழுதப்படுவதன்று. கேட்போர் யாராக மாறினர் என்பதிலும் அது எழுதப்படுகிறது. அந்தப் பக்கத்தை ஸ்கோர்சேசி இருளிலேயே விட்டுவிட்டார்.