மறு தபால் வராத கல்வி

செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞர் அனைவரும் கல்லூரி வாசலை மிதித்துவிடுவதில்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. ஆயினும் தம் பிள்ளையின் பகல் பொழுதை மூன்றாண்டுகள் கல்லூரிக்கு விட்டுக்கொடுக்க எல்லா வீட்டாராலும் இயலாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை சுமக்கும் இளைஞனுக்கும், கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் பட்டப் படிப்பு அஞ்சல் வழியாகவே எட்டக்கூடியதாயிற்று. இந்த நன்மையை மறந்து அஞ்சல்வழிக் கல்வியை இகழ்வது முறையன்று.

தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் இம்முறையைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதனை மேற்கொண்டன. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. வாசல்கள் பெருகின. உள்ளே நுழைந்தவருக்குக் கிடைத்தது என்ன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கல்வியின் தொடக்கத்தைச் சற்றே நோக்குவோம். 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சலில் கற்பித்தார். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பினர். அவர் அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். பாடத்தை அனுப்பியதில் பெரும் புதுமை இல்லை. அச்சு நூல் அதை முன்பே செய்துகொண்டிருந்தது. திருத்திய தாள் மாணவனிடம் திரும்பி வந்ததே புதுமை. அந்த மறு தபாலே அவரை ஆசிரியராக்கியது.

நம் அஞ்சல்வழிக் கல்வி முதல் தபாலைக் காத்துக்கொண்டது. மறு தபாலைக் கைவிட்டுவிட்டது. கட்டணம் போகிறது, பாடநூல் வருகிறது, ஆண்டிறுதியில் தேர்வு வருகிறது. இடையில் மாணவனின் ஒரு வாக்கியத்தையேனும் படித்து, 'இது சரி, இது பிழை' என்று சொல்லும் கை இல்லை. பாடநூலும் பல வேளைகளில் வகுப்புரையின் சுருக்கமாகவே அமைகிறது. தொலைவிலிருப்பவனுக்கு எழுதும் பாடம் அவனோடு உரையாட வேண்டும் என்றார் சுவீடன் நாட்டுக் கல்வியாளர் போர்யே ஹோல்ம்பெர்க். அந்த உரையாடல் இல்லாதபோது மாணவன் கடைவீதி வினா விடை நூலை நாடுகிறான். குறை அவனுடையதன்று.

1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்குறையை உணர்ந்தே, வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு இளநிலைப் பாடங்களில் 30 விழுக்காடு மதிப்பளித்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால், ஒருவர் எழுதியதைப் பலர் படியெடுப்பதும், திருத்துவோர் மதிப்பெண்ணை மட்டும் இட்டு முடிப்பதும் வழக்கமானால் ஒப்படைப்பும் மற்றொரு சடங்காகிவிடும்.

மாணவர் தொகை பெரிது, ஆசிரியர் சிலரே என்பர். காணொளி வந்துவிட்டதே என்றும் சொல்வர். காணொளியும் ஒருவழித் தபால்தான். 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டே தனித்திருப்பதன் வெறுமையை நகரத்து மாணவரும் அறிந்தனர். மண்டித் தொழிலாளியான மாணவன் அந்த வெறுமையில் நெடுங்காலமாகப் படித்து வருகிறான். தேர்வில் தவறினால் அவனை 'படிக்காதவன்' என்கிறோம். தேறினாலோ 'தபாலில் வாங்கிய பட்டம்' என்கிறோம். இது இரட்டை அநீதி அல்லவா?

பெரிய சீர்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டுக்கு ஒரு கட்டுரையையாவது ஆசிரியர் முழுமையாகப் படித்து, நான்கு வரி எழுதித் திருப்பி அனுப்பட்டும். நம்மிடையே பட்டம் பெற்றோர் மாதம் ஒரு நாள் ஊர் நூலகத்தில் அமர்ந்து இம்மாணவரின் தாள்களைப் படிக்கட்டும். ராஜகிரியின் உச்சிக் கோட்டைக்கு ஏறுபவர் இறுதியில் ஒரு பாறைப் பிளவைக் கடக்க வேண்டும். அதன்மேல் உள்ள பாலம் சிறியதே. அது இல்லையேல் ஏறிய படிகள் அனைத்தும் வீண். பாடநூலுக்கும் பட்டத்துக்கும் நடுவே அத்தகைய பாலமொன்றை அமைப்பது கற்றோர் அனைவரின் கடமையாகும்.