‘முன்களம்’ என்னும் உருவகமும் கையறுநிலையும்: பெருந்தொற்றுக்கால மருத்துவப் பணியாளர் மனநலச் சொல்லாடல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்ப் பொதுவெளியில் நிலைபெற்ற சொற்களுள் ‘முன்களப் பணியாளர்’ என்பது குறிப்பிடத்தக்கது. நோயைப் பகையாகவும் மருத்துவமனையைப் போர்க்களமாகவும் செவிலியரை வீரராகவும் காட்டும் இவ்வுருவகம், அவர்தம் மனத்துயரை எவ்வாறு மறைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போற்றுதலும் விலக்குதலும்

2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் மக்கள் கைதட்டினர். மே 3 அன்று விமானப்படை மருத்துவமனைகள்மீது மலர் தூவியது. இவற்றிற்கு இடைப்பட்ட ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கியது. களத்தில் வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுத்த மரபினையுடைய சமூகத்தில், ‘வீரர்’ எனப்பட்டவருக்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. உருவகம் புகழைத் தந்ததேயன்றி உறவைத் தரவில்லை.

சீனாவின் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளரிடம் நிகழ்த்தப்பெற்று, 2020இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வெளியான ஆய்வு, 50.4 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளையும் 44.6 விழுக்காட்டினரிடம் பதற்ற அறிகுறிகளையும் பதிவு செய்தது. செவிலியரிடமும் பெண்களிடமும் இவை கடுமையாக இருந்தன. இவை வினாநிரல்வழிப் பெற்ற அறிகுறிகளே, நோயறுதி அல்ல. எனினும், அஞ்சுதல் இழுக்கெனக் கருதும் வீரமொழிக்குள் இத்துயரைச் சொல்ல இடமில்லை என்பது தெளிவு.

இவ்வுருவகத்தால் பயனே இல்லை எனல் பொருந்தாது. 2021 ஜனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்க்கே முதலிடம் கிடைத்தது. ஆயின், அம்மதிப்பு பணிப் பாதுகாப்பாக மாறவில்லை. தமிழ்நாட்டில் பெருந்தொற்றின்போது அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் பலரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிவுற்றது. அவர்கள் போராட நேர்ந்தது.

அறக்காயமும் கையறுநிலையும்

அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்களிடம் ‘அறக்காயம்’ எனத் தமிழில் சுட்டத்தக்க நிலையைக் கண்டார். உயிர்நெருக்கடியில் அதிகாரத்திலிருப்போர் அறம் பிறழ்வதால் விளையும் உளப்புண் அது. நம் பொதுவெளி போரிலிருந்து வீரத்தை எடுத்துக்கொண்டு இப்புண்ணை விட்டுவிட்டது. படுக்கையும் உயிர்வளியும் போதாதபோது யாரைக் காப்பது எனத் தெரிவுசெய்ய நேர்ந்தவரின் துயரை வெறும் பணிச்சோர்வு எனல் ஆகாது.

புறத்திணை மரபில் வீரத்தைப் பாடும் துறைகளோடு கையறுநிலையும் உண்டு. பாரியை இழந்த கபிலரின் செயலறு துயர் அங்கே இழுக்கன்று, பாடுபொருள். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கையறுநிலை இழப்பைப் பேசுகிறது. பொறுப்பானவர் யார் என வினவுவதில்லை. அறக்காயம் அவ்வினாவை எழுப்புகிறது. ஆதலின் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது, இரண்டும் வேண்டும்.

முடிவுரை

மருத்துவப் பணியாளரின் துயரைத் தனிமனித மனவலிமைக் குறைவாகக் காணும் போக்கிற்கு ‘முன்கள’ உருவகம் துணைசெய்கிறது. மனநல ஆலோசனை தேவையே; ஆயின் ஆளெண்ணிக்கை, ஓய்வு, பணி நிலைப்பு ஆகியன இன்றி அவ்வாலோசனை, காயப்பட்டவரை அதே களத்திற்குத் திருப்பியனுப்பும் ஏற்பாடாகவே முடியும். பெருந்தொற்றுக்கால எழுத்துகளை ஆராய்வோர், அவற்றில் பணியாளர் பேசுகின்றனரா, பேசப்படுகின்றனரா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.