மனநோய் மருத்துவமும் ஆதாயக் கணக்கும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. கள்ளும் சூதும் நோயும் ஒரு குடும்பத்தின் கைப்பொருளை எவ்வாறு கரைக்கும் என்பதற்கு இவ்வரிசையே தக்க உரையாகும். ஆயினும் அவ்வதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணுமிடத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் என நான்கையே எண்ணுகின்றார். செலவிட்ட பொருளுக்கு வரும் ஆதாயம் என ஐந்தாவதொன்றை அவர் சேர்த்தாரில்லை. இக்காலத்தார் சேர்த்துவிட்டனர். அது சரிதானா, சரியெனின் எவ்வளவுக்குச் சரி என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ‘லான்செட் சைக்கியாட்ரி’ என்னும் மருத்துவ இதழில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டான் சிஷம் முதலியோரின் ஆய்வொன்று வெளிவந்தது. மனச்சோர்வு, பதற்றம் ஆகிய இரு நோய்களுக்கும் உரிய சிகிச்சையை 36 நாடுகளில் 2016 முதல் 2030 வரை விரிவுபடுத்த 147 பில்லியன் அமெரிக்க டாலர் செலவாகும் என்று அது கணித்தது. வேலைக்கு வருவோர் தொகையிலும் வேலைத்திறனிலும் நூற்றுக்கு 5 பங்கு முன்னேற்றம் கண்டால் அதன் மதிப்பு 399 பில்லியன். நலம் பெற்றதன் மதிப்பு மேலும் 310 பில்லியன். இதனைச் சுருக்கி, ஒரு டாலர் போட்டால் நான்கு டாலர் திரும்பும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மேடையில் புள்ளிவிவரத்திற்குக் கைதட்டல் கிடைப்பது அரிது, இதற்குக் கிடைத்தது.

‘ஒன்றுக்கு நான்கு’ என்பதைக் கையில் எண்ணி வாங்கும் காசு என்று எடுத்துக்கொள்வது பிழை. பொருளாதாரப் பயனை மட்டும் கொண்டு பார்த்தால் ஒன்றுக்கு 2.3 முதல் 3 வரைதான் தேறுகின்றது. நலத்திற்கும் ஒரு விலை வைத்துக் கூட்டிய பின்னரே அது 3.3 முதல் 5.7 வரை ஏறுகின்றது. அஃதாவது, பல நாள் உறக்கமின்றித் தவித்தவன் ஓரிரவு அயர்ந்து உறங்கியதற்கும் விலை மதித்து வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கின்றனர். இதை ஆய்வாளர் மறைக்கவில்லை. இரண்டையும் பிரித்தே காட்டியுள்ளனர். பிரிவை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் சென்றவர்களே குற்றத்திற்குரியவர்கள்.

மலேசியாவிலும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டில் ஊழியர்களின் மனநலக் குறைவால் நாட்டின் தொழில்துறைக்கு ஏற்பட்ட இழப்பு 14.46 பில்லியன் ரிங்கிட் என்று ‘ரிலேட் மலேசியா’ என்னும் அமைப்பு மதிப்பிட்டது. வேலைக்கு வாராமையால் 3.28 பில்லியன், வந்தும் வேலை ஓடாமையால் 9.84 பில்லியன், வேலையை விட்டு விலகியதால் 1.34 பில்லியன். வாராதவனைவிட, வந்து மனமின்றி நிற்பவனால் வரும் இழப்பு மூன்று மடங்கு என்பது பயனுள்ள செய்தி. மேலாளர்கள் அறிய வேண்டிய செய்தியுங்கூட. ஆனால் இது முதலாளியின் பேரேட்டிலிருந்து எழுந்த கணக்கு என்பதை மறத்தல் கூடாது.

மலாக்காவின் தஞ்சோங் கிளிங் வட்டாரத்தை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருபுறம் கடல்; மறுபுறம் தடையற்ற வாணிப வட்டாரத் தொழிற்சாலைகள். தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஆலைகளில் ‘ஷிப்டு’ வேலைக்குப் போகின்றனர். மாதச் சம்பளம் பெறும் ஆலைத் தொழிலாளி மனச்சோர்வால் நான்கு நாள் வாராவிடின் அது மேற்படி கணக்கில் விழும். நாட்கூலிக்காரரின் நிலை வேறு. பெரட்டில் பெயர் கூப்பிடும்பொழுது அவர் இல்லையெனின் அன்றைக்குக் கூலியில்லை. அவருடைய நிரையை வேறொருவர் வெட்டிவிடுவார். தோட்டத்திற்கு நட்டம் சிறிது. அடுப்பெரியாத வீட்டுக்கே முழு நட்டமும். ஏழையின் இழப்பு ஏழையின் வீட்டோடு நின்றுவிடுவதால் நாட்டின் இழப்பில் அது குறைவாகத் தோன்றுகின்றது.

இன்னும் ஒருவர் இருக்கின்றார். லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய். அவளுக்கு மனச்சிதைவுற்ற வளர்ந்த மகன் எனக் கொள்வோம். அவனை விட்டுப் போக முடியாமல் அவள் வேலையையே விட்டுவிடுகின்றாள். அவன் எந்த ஆலையிலும் ஊழியன் அல்லன். அவளும் இப்பொழுது அல்லள். 14.46 பில்லியனில் அவ்விருவருக்கும் ஒரு காசும் எழுதப்படவில்லை. வள்ளுவர் நான்காவதாக எண்ணிய ‘அருகிருந்து பார்ப்பவன்’ இந்தத் தாய்தான்.

கள்ளைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்துக் கள்ளுக்கடைகளின் கதையை மலாயாத் தமிழருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குடியை விடுவிக்கும் உதவிக்கு இந்தியாவின் கோவாவில் நல்லதொரு சோதனை நடந்தது. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் பட்டேல் முதலியோர் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தீங்கு நேருமளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்களைத் தேர்ந்தனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அதனோடு, மருத்துவப் படிப்பில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நான்கு முறைக்குள் அமைந்த உரையாடலையும் நடத்தினர். முடிவு 2017இல் வெளியாயிற்று. மூன்று மாதத்தில் அப்பழக்கத்தின் பிடியிலிருந்து மீண்டோர் உரையாடல் பெற்றவரில் நூற்றுக்கு 36, பெறாதவரில் 26. ஓராண்டில் இது முறையே 54, 32 என விரிந்தது. நான்கு பேச்சுக்கு இது பெரும் பயன். ஆனால் அம்மூன்று மாதத்தில் வேலை செய்ய இயலாத நாள்களின் தொகையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. செக்ரோலை மட்டும் பார்ப்பவர் இச்சோதனை பயனற்றது என்று தள்ளியிருப்பார். மாலையில் தெளிந்த கண்ணோடு வீடு திரும்பும் தந்தை செக்ரோலில் இடம்பெறுவதில்லை.

தமிழ்நாட்டுச் சான்று இதனினும் கூர்மையானது. சென்னையில் 1984இல் தொடங்கப்பெற்ற ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட சோதனையின் முடிவு 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரத்துச் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவுற்ற 282 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அவருள் 187 பேருக்கு, மருத்துவமனைச் சிகிச்சையோடு, வீடு தேடிச் சென்று துணைநிற்கும் பணியாளரின் உதவியும் ஓராண்டுக்குக் கிடைத்தது. நோய்க்குறிகளும் முடக்கமும் அவர்களுக்கு ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. செலவோ கூடியது. ஒன்றுக்கு நான்கு என்னும் முழக்கத்திற்கு இது ஒத்துவாராத முடிவு. எனினும் ஆய்வாளர் இதைக் கைவிடச் சொல்லவில்லை. மருத்துவ வசதி அருகிய நாட்டுப்புறங்களில் இம்முறையை முதலிற் தொடங்குதல் தகும் என்றே கூறினர். அது நேர்மையான திறனாய்வு. மிகவும் நலிந்தவருக்குச் செய்யும் பணி செலவைக் கூட்டத்தான் செய்யும். அப்பணி வேண்டும் என்பதற்கு ஆதாயத்தையே காரணமாகக் காட்டிப் பழகிவிட்டால், ஆதாயம் தாராத நோயாளிக்காக வாதாட ஒரு சொல்லும் எஞ்சாது.

இவ்விரு சோதனைகளிலும் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே நின்றவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர் என்பது கருதத்தக்கது. அருகிருந்து பார்ப்பவனுக்கு வேண்டிய இயல்புகளாகப் பரிமேலழகர் நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றைக் காட்டுவார். கோவாவிலும் காஞ்சிபுரத்துச் சிற்றூர்களிலும் தேடியது ஏறக்குறைய இத்தகையோரைத்தான்.

கணக்கே வேண்டா என்பது இதன் கருத்தன்று. நிதியமைச்சுக்கு நிதியமைச்சின் மொழியிற்றான் பேச வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் நூற்றுக்கு 4.6 பேர், ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர், மனச்சோர்வுற்றிருப்பதாகத் தெரியவந்தது. 2019இல் அது 2.3. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு அதே 2023இல்தான் நீக்கப்பட்டது. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று 1911இல் தோன்றிய மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக வழங்கிய சமூகம், அடுத்த ஊரிலேயே மனநல நிலையம் வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு வரும்பொழுது எண்களும் துணைக்கு வேண்டுந்தான். அடுத்த முறை மலேசியக் கணக்கை எழுதப் புகுவோர் இரண்டு வரிகளை மட்டும் கூடுதலாக எழுதுவாராக: நாட்கூலிக் குடும்பம் இழந்த கூலி; நோயாளியின் அருகிருந்ததால் தாயோ மனைவியோ இழந்த வேலைநாள். மொத்தத் தொகை மாறும். எந்த ஊருக்கு முதலில் ஆலோசகரை அனுப்புவது என்பதும் அதனோடு மாறும்.