விழுந்த இடம்

'லா புறொமெஸ்' (வாக்குறுதி) 1996இல் வந்த படம். எடுத்தவர்கள் பெல்ஜியத்து டார்டென் சகோதரர்கள். நாங்கள் பார்த்தது வெகுகாலம் பிந்தி, பாரிஸில், குசினி பூட்டிய ஒரு திங்கள் இரவில்.

லியேஜுக்குப் பக்கத்தில் செராங் என்ற இரும்பாலை நகரம். வீசா இல்லாதவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்து அவர்களையே கட்டட வேலைக்கும் பிடிப்பவன் றோஜே. தொழில் பரிசோதகர்கள் வருகிறார்கள் என்று ஒளிக்க ஓடும் அவசரத்தில் புர்கினா பாசோக்காரன் அமிடு சாரத்திலிருந்து விழுகிறான். றோஜேயின் மகன் இகோர், இரத்தம் பெருகும் காலில் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுகிறான். தகப்பன் வந்து அதைக் கழற்றிவிடுகிறான். ஆஸ்பத்திரி என்றால் கேள்வி வருமே.

அந்த இடத்தில் எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நல்ல படம்தான். ஆனால் எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. அமிடுவின் மனைவி அசித்தாவுக்கு இகோர் செய்வதெல்லாம் அவனுடைய மனச்சாட்சியின் கணக்கிலேயே போகிறது. பெல்ஜியத்தில் 1971ஆம் ஆண்டு வேலை விபத்துச் சட்டம் களவாக வேலைசெய்தவரையும் விலக்கவில்லை. முதலாளி காப்புறுதி எடுக்காவிட்டால் அரச நிதியம் கொடுத்துவிட்டு அவரிடம் அறவிடும். அசித்தாவுக்கு இரக்கம் மட்டுமல்ல, உரிமையும் இருந்தது. படத்துக்கு அது தேவைப்படவில்லை.

இன்னொன்று, அமிடு செத்துவிடுகிறான். சாகாமல் மிஞ்சுகிறவனின் கதையை யார் எடுப்பது?

எங்கள் குசினியில் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்ட பெடியன் ஒருவனுக்கு மா குழைக்கும் மெசினில் வலது கை சிக்கி மூன்று விரல் போனது. முதலாளி தன் காரில்தான் ஏற்றிப்போனார். வீட்டில் நடந்தது என்று சொல்லச் சொன்னதும் அந்தக் காரில்தான். பெடியனுக்குப் பிரெஞ்சு வராது. டொக்டரிடம் சொன்னது நாங்கள். றோஜேயைத் திட்டியபோது இதுவும் நினைவு வந்தது.

பிரான்ஸிலும் வீசா இல்லாதவருக்கு வேலை விபத்துக் காப்பீடு உண்டு. முதலாளி 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அடிபட்டவரே இரண்டு வருடத்துக்குள் அறிவிக்கலாம். ஆனால் சம்பளத் துண்டு இல்லாதவனுக்கு வேலையிடத்தில்தான் நடந்தது என்று நிறுவ, கூட நின்றவர்களின் வாயைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கடைசியில் புகையிரத நிலையத்தில் படியேறும் அசித்தாவிடம் இகோர் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். எங்களுக்கு முப்பது தாண்டிவிட்டது. பெடியனின் ஆஸ்பத்திரிக் கடதாசியில் இன்னும் 'வீட்டு விபத்து' என்றுதான் கிடக்கிறது. இரண்டு வருடம் முடிய நாலு மாதம் இருக்கிறது. சாட்சிக் கடிதம் எழுத எங்களில் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறோம். மூன்றாமவருக்கு அடுத்த மாதம் கார்ட் புதுப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும்.