அம்மாவில் தொடங்கும் நாவல்

விக்டோரியா காலப் பெண் நாவலாசிரியர்கள் என்றதும் பிராண்டி சகோதரிகளும் ஜோர்ஜ் எலியட்டும் நினைவுக்கு வருவார்கள். கிருபாபாய் சத்தியநாதன் வருவதில்லை. 1862இல் அகமதுநகரில், கிறிஸ்தவத்துக்கு மாறிய மராத்தியக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை விட நேர்ந்தது. பின்னர் சாமுவேல் சத்தியநாதனை மணந்து தமிழ்க் குடும்பத்தின் மருமகளானார். ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என இரண்டு நாவல்கள் எழுதினார். 1894இல், 32 வயதில் மறைந்தார். இரண்டு நாவல்களும் 1896இலேயே தமிழுக்கு வந்துவிட்டன.

பார்க்டேலில் 'சகுணா'வை வாசிக்கையில் அதன் காலம் தொலைவாகத் தெரியவில்லை. 1887-88இல் அது சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தபோது, இந்த இடமும் ரொறன்ரோவுடன் சேராத தனி ஊர்தான், இணைந்தது 1889இல். ஆனால் என்னைப் பிடித்தது காலப் பொருத்தமல்ல, நாவலின் அமைப்பு.

மகள் தன் கதையைச் சொல்ல வருகிறாள். முதலில் சொல்வதோ தாய் ராதாவின் கதை. சிறுவயதில் மணமானவள் ராதா. கணவன் மதம் மாறுகிறான். அவன் எடுத்த முடிவுக்குள் அவள் வாழ வேண்டியிருக்கிறது. அவளுடைய கோபத்தையும் அழுகையையும் கிருபாபாய் மூடி மறைக்கவில்லை. கிறிஸ்தவ இதழில் எழுதிய கிறிஸ்தவப் பெண் இப்படி எழுதியது சின்ன விஷயமல்ல. புதிய வாழ்க்கையின் பலனை அனுபவிக்கும் மகள், அதற்குத் தாய் கொடுத்த விலையையும் கணக்கில் எழுதுகிறாள்.

குறைகளும் உண்டு. இயற்கை வர்ணனைகள் நீள்கின்றன. மருத்துவராகும் கனவு முறிந்த வலியை, இறுதியில் வரும் திருமணம் அவசரமாக ஆற்றிவிடுகிறது. 'கமலா' இந்த இடத்தில் துணிச்சலானது: விதவையான கமலா, தன்னை நேசிப்பவன் கேட்டும் மறுமணத்தை ஏற்பதில்லை. அந்த மறுப்பை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நாயகியைத் தன் மதத்துக்கு இழுத்து வராத ஆசிரியரை மதிக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அது தமிழிலக்கியமா என்று கூட்டங்களில் வாதிடுகிறோம். மராத்தியத் தாய்க்குப் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய கிருபாபாயை எந்த அலுமாரியில் வைப்பது? நான் வேறொன்றைக் கேட்பேன்: அந்த எழுத்தில் அம்மா துயரத்தின் சாட்சியாக மட்டும் நிற்கிறாளா, கோபிக்கவும் மறுக்கவும் தெரிந்த மனுஷியாக வருகிறாளா? ராதா மனுஷியாக வருகிறாள். அதனால்தான் 'சகுணா' இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.